மூச்சடைத்த உயிரணுவும் உறையாத கொழுப்பும்

சிறுநீரகத்தில் உண்டாகும் புற்றுநோய்களில் ஏறக்குறைய நான்கில் மூன்று பங்கு ஒரே வகையைச் சேர்ந்தவை. அறுவை மருத்துவர் அந்தக் கட்டியை வெட்டியெடுத்துப் பிளந்து பார்க்கும்போது அது பொன்மஞ்சள் நிறமாக இருக்கும்; ஆனால் அதிலிருந்தே மெல்லிய சீவல் ஒன்றை எடுத்து, சாராயத்திலும் ஸைலீனிலும் தோய்த்து, மெழுகில் பதித்து, சாயமேற்றி, மைக்ராஸ்கோப்பின் அடியில் வைத்தால், அதன் உயிரணுக்கள் சுவர் மட்டும் இருந்து உள்ளே ஒன்றுமில்லாதவையாகத் தோன்றும். தெளிவணுப் புற்று என்று அதற்குப் பெயர் வந்தது இந்தத் தோற்றத்தினால்தான். உண்மையில் அந்த அணுக்கள் வெறுமையானவை அல்ல. கட்டிக்கு மஞ்சள் நிறத்தைத் தந்த கொழுப்பும், அதனோடு கூட இருந்த கிளைக்கோஜன் என்னும் மாவுப் பதார்த்தமும், சீவலைப் பக்குவம் செய்த திரவங்களில் கரைந்து போய்விட்டன. நாம் காண்பது அவை இருந்த இடத்தை.

1883-ஆம் ஆண்டில் பால் கிராவிட்ஸ் என்ற ஜெர்மானிய நோய்க்கூற்று அறிஞர் இந்தக் கொழுப்பைக் கண்டு ஒரு சித்தாந்தம் வகுத்தார். சிறுநீரகத்தின் உச்சியில் அமைந்துள்ள அட்ரீனல் சுரப்பியின் அணுக்கள் இயல்பாகவே கொழுப்பு மிக்கவை. ஆதலால் கரு வளரும் காலத்தில் அந்தச் சுரப்பியின் துணுக்குகள் சில வழிதவறிச் சிறுநீரகத்துக்குள் சிக்கிக்கொண்டு, பிற்காலத்தில் புற்றாக வளர்கின்றன என்று அவர் கருதினார். தர்க்கத்தில் குறை சொல்வதற்கில்லை. முடிவு மட்டும் பிழையாகப் போயிற்று. இருந்தபோதிலும் அந்த அபிப்பிராயம் மருத்துவ நூல்களில் வெகுகாலம் நிலைத்து நின்றது. கட்டியானது சிறுநீரகத்தின் சொந்த நுண்குழாய்களிலிருந்தே பிறக்கிறது என்பது தெளிவான பிறகு, கிராவிட்ஸ் தீர்த்து வைத்ததாக எண்ணிய கேள்வி மறுபடியும் தலைதூக்கிற்று: கொழுப்பைச் சேமித்து வைப்பதைத் தொழிலாகக் கொள்ளாத ஓர் அணு, புற்றாக மாறியவுடன் ஏன் இப்படிக் கொழுப்பைக் குவித்துக்கொள்கிறது?

இதற்கு விடை காண, சிறுநீரகத்தைச் சற்று நேரம் ஒதுக்கி வைத்துவிட்டு, புற்றுக்கட்டிகளுக்குள்ளே பிராணவாயு எவ்வளவு தூரம் செல்கிறது என்ற வேறொரு விஷயத்தைப் பார்த்தாக வேண்டும்.

நாம் சுவாசிக்கும் காற்றில் பிராணவாயுவின் பங்கழுத்தம், பாதரச மில்லிமீட்டர்க் கணக்கில், சுமார் 160. நுரையீரலிலிருந்து இருதயத்தின் வழியாகப் புறப்படும் சுத்த இரத்தத்தில் அது 100 அளவுக்கு இறங்குகிறது. ஆரோக்கியமான திசுக்களில் இன்னும் இறங்கிப் பெரும்பாலும் 20-க்கும் 60-க்கும் இடையே நிற்கிறது. நுண்ணிய இரத்தக் குழாயை விட்டு வெளியேறிய பிராணவாயு, தன்னை உந்திச் செல்ல வேறு சக்தி எதுவும் இல்லாமல், அணுவிலிருந்து அணுவுக்குத் தானாகப் பரவியே போக வேண்டியிருக்கிறது. வழியிலுள்ள ஒவ்வோர் அணுவும் தன் பங்கை எடுத்துக்கொள்வதால் சிறிது தூரத்துக்குள்ளேயே அது தீர்ந்துவிடுகிறது. அந்தத் தூரத்தை 1955-இல் இங்கிலாந்தில் தாம்லின்சன், கிரே என்ற இருவர் நுரையீரல் புற்றின் சீவல்களை அளந்து கண்டுபிடித்தார்கள். குழாய்க்கு அருகில் உயிருள்ள அணுக்கள், அதற்கப்பால் செத்துப்போன அணுக்கள் என்ற வரிசையே கட்டியெங்கும் காணப்பட்டது. உயிருள்ள பகுதியின் அகலம் எந்த இடத்திலும் சுமார் 180 மைக்ரானைத் தாண்டவில்லை. அதாவது ஒரு மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. பிராணவாயு பரவும் வேகத்தையும் அணுக்கள் அதை உண்ணும் வேகத்தையும் வைத்து அவர்கள் போட்ட கணக்கும் ஏறத்தாழ அதே எல்லையைத்தான் காட்டிற்று. கதிர்வீச்சின் அளவைக் குறிக்க இன்று வழங்கும் அலகுக்கு இந்தக் கிரேயின் பெயரே சூட்டப்பட்டிருக்கிறது. அவருக்கு இதில் இருந்த அக்கறையும் கதிர்ச்சிகிச்சையைப் பற்றியதுதான். ஏனெனில் பிராணவாயு இல்லாத அணுவைக் கொல்ல, அது உள்ள அணுவுக்குத் தேவைப்படும் கதிரைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு தேவைப்படுகிறது.

செத்த பகுதிக்கும் உயிருள்ள பகுதிக்கும் நடுவிலே, சாகாமலும் செழிக்காமலும், மூச்சு முட்டிய நிலையில் பிழைத்துக் கிடக்கும் அணுக்களின் படலம் ஒன்று இருக்கிறது. நம்முடைய கதை அந்தப் படலத்தைப் பற்றியது. பிற்காலத்தில் நுண்ணிய மின்முனை ஊசிகளைக் கட்டிகளுக்குள் செலுத்தி நேரடியாகவே அளந்தபோது, பல கட்டிகளில் பிராணவாயுவின் அழுத்தம் 10-க்கும் கீழே கிடப்பது தெரிய வந்தது. கருப்பைக் கழுத்துப் புற்றில் அவ்வாறு அழுத்தம் குறைந்த நோயாளிகள், எந்தச் சிகிச்சை செய்தாலும், மற்றவர்களைவிட மோசமான கதியை அடைந்தார்கள் என்பது 1990-களில் ஜெர்மனியில் நடந்த ஆராய்ச்சிகளால் உறுதியாயிற்று. ஆகவே மூச்சு முட்டிய அணு பலவீனமான அணு என்று நினைப்பது தவறு. அது பழகிப்போன அணு, பழகிப்போனதினாலேயே அபாயகரமானது.

இந்தப் பழக்கத்தைப் பற்றிய பேச்சு எப்போதுமே சர்க்கரையிலிருந்துதான் தொடங்குவது வழக்கம். 1920-களில் பெர்லினில் ஓட்டோ வார்புர்க், புற்றுத்திசுவின் சீவல்கள் பிராணவாயு தாராளமாகக் கிடைக்கும்போதுகூடக் குளுக்கோஸை முழுவதும் எரிக்காமல் பாதியில் நிறுத்தி லாக்டிக் அமிலமாக மாற்றிவிடுகின்றன என்று காட்டினார். சுவாச என்ஸைமைப் பற்றிய வேறோர் ஆராய்ச்சிக்காக 1931-இல் நோபல் பரிசு பெற்ற அவர், அணுவின் சுவாசம் பழுதுபடுவதே புற்றுநோயின் மூலகாரணம் என்று இறுதிவரை பிடிவாதமாக நம்பினார். பெரும்பாலான புற்றணுக்களில் சுவாசக் கருவிகள் பழுதின்றியே இயங்குகின்றன என்று பின்னர் தெளிவாகிவிட்டது. என்றாலும் அவருடைய கண்டுபிடிப்பின் ஒளி மிகுதியால், புற்றணுவின் உணவென்றால் சர்க்கரை என்றே இரண்டு மூன்று தலைமுறை விஞ்ஞானிகள் எண்ணிப் பழகினார்கள். கொழுப்பு அவர்களுடைய பார்வைக்கு வெளியே நின்றது. ஒரு மேதையின் கண்டுபிடிப்பு வழிகாட்டுவதைப் போலவே சில சமயங்களில் வழியை மறைக்கவும் செய்கிறது என்று சொன்னால், வார்புர்க்கிடம் உள்ள மதிப்புக் குறைவாக அதைக் கொள்ள வேண்டியதில்லை.

காற்றுக் குறைவை அணு எவ்வாறு உணர்கிறது என்ற இரகசியம் அதற்கு வெகுகாலத்துக்குப் பிறகே வெளிப்பட்டது. மலைமேல் ஏறுபவனுடைய சரீரத்தில் சிறுநீரகம் எரித்ரோபொயட்டின் என்ற ஹார்மோனைச் சுரந்து இரத்தச் சிவப்பணுக்களைப் பெருக்குவது முன்பே தெரிந்த விஷயம். அந்த ஹார்மோனின் மரபணுவைக் காற்றுக் குறைந்த வேளையில் தூண்டிவிடுவது எது என்று தேடிய கிரெக் செமென்ஸா, பால்டிமோர் நகரத்து ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக் கழகத்தில், 1990-களின் தொடக்கத்தில் ஒரு புரதத்தைக் கண்டார். ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துக்களைச் சேர்த்து அதை ஹிஃப் என்று அழைக்கிறார்கள். அணு இந்தப் புரதத்தை ஓயாமல் செய்துகொண்டே இருக்கிறது, ஓயாமல் அழித்துக்கொண்டும் இருக்கிறது. பிராணவாயு உள்ளவரையில், இரும்பைத் தன் மையத்தில் கொண்ட ஒரு என்ஸைம், ஹிஃப் புரதத்தில் குறிப்பிட்ட இரண்டு இடங்களில், ஒவ்வொன்றிலும் பிராணவாயுவின் பரமாணு ஒன்றை ஒட்டிவிடுகிறது. அந்த ஒட்டை அடையாளமாகக் கொண்டு வி.எச்.எல். என்னும் மற்றொரு புரதம் ஹிஃபைப் பற்றிக்கொண்டு அழிவுக்கு அனுப்புகிறது. பிறந்த ஹிஃப் சில நிமிஷங்களுக்கு மேல் உயிர்வாழ்வதில்லை. இப்படிச் செய்வதும் அழிப்பதும் முதற்பார்வைக்கு வீண்செலவாகத் தோன்றலாம். ஆனால் பிராணவாயு குறைந்த கணத்திலேயே ஒட்டுவதற்குப் பொருளில்லாமற் போய், அழிவு நின்று, ஹிஃப் தானாகவே நிறைந்துவிடுவதால், புதிதாக ஒன்றை ஆக்கிக் கொண்டுவரும் தாமதம் அணுவுக்கு மிச்சமாகிறது. இதன் கடைசிக் கண்ணியை 2001-இல் வெளிப்படுத்திய பாஸ்டன் நகரத்து வில்லியம் கேலின், ஆக்ஸ்போர்டின் பீட்டர் ராட்கிளிஃப் ஆகிய இருவருடன் செமென்ஸாவுக்கும் 2019-ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு அளிக்கப்பட்டது.

இனி சிறுநீரகத்துக்குத் திரும்பலாம். தெளிவணுப் புற்றுகளில் மிகப் பெரும்பாலானவற்றில் வி.எச்.எல். மரபணு கெட்டுப் போயிருக்கிறது. கண்ணிலும் மூளையிலும் சிறுநீரகத்திலும் கட்டிகள் தோன்றுகிற ஒரு பரம்பரை நோயை ஆராயும்போது, 1993-இல் அடையாளம் காணப்பட்ட மரபணு இது. வி.எச்.எல். இல்லையேல் ஹிஃபைப் பிடித்து அழிவுக்கு அனுப்ப ஆளில்லை. ஆகையினால் இரத்தம் நிறைந்த சிறுநீரகத்திலே, பிராணவாயு வேண்டிய மட்டும் கிடைத்துக்கொண்டிருக்கும்போதே, அந்த அணு தனக்குக் காற்றில்லை என்று நம்பிக்கொண்டு, காற்றில்லாத அணு செய்யும் காரியங்களையெல்லாம் செய்யத் தொடங்குகிறது. அவற்றில் ஒன்று கொழுப்பைக் குவிப்பது. வெளியிலிருந்து கொழுப்பமிலங்களை உள்ளே கொண்டுவரும் புரதங்கள் பெருகுகின்றன. கொழுப்பமிலத்தை எரிப்பதற்காக, அணுவின் உலையாகிய மைட்டோகாண்ட்ரியாவுக்குள் அனுப்பும் வாயில் குறுகுகிறது. சேர்ந்த கொழுப்பு துளிகளாக உருண்டு, பெரிலிப்பின் என்ற புரதத்தின் போர்வைக்குள் அடங்குகிறது. அந்தத் துளியைக் கரைக்க வரும் என்ஸைமைத் தடுத்து நிறுத்தவே ஹில்ப்டா என்ற இன்னொரு சிறு புரதமும் உற்பத்தியாகிறது. இத்தனையும் ஹிஃப் இட்ட கட்டளைகள். கிராவிட்ஸ் கண்ட மஞ்சள் கொழுப்புக்கு அட்ரீனல் சுரப்பி பொறுப்பல்ல. மூச்சுத் திணறுவதாக எண்ணிய ஓர் அணுவின் மயக்கமே பொறுப்பு.

பல விளக்கங்கள் இந்த இடத்தில் முடிந்துவிடுகின்றன. அவ்வாறு முடிப்பதில் எனக்குத் திருப்தி இல்லை. காற்றில்லை என்று நம்பும் அணுவும், மெய்யாகவே காற்றில்லாத அணுவும் ஒன்றல்ல. சிறுநீரகப் புற்றணுவுக்குக் கட்டளை மட்டும் வந்திருக்கிறது. பிராணவாயு என்னும் சரக்கு கையில் இருக்கிறது. கிரே அளந்த எல்லையின் ஓரத்திலே கிடக்கும் அணுவுக்கோ கட்டளையும் வந்துவிட்டது, சரக்கும் இல்லை. இந்த இரண்டாவது அணுவின் சங்கடம் மிகப் பெரிது.

அணு இரண்டாகப் பிளந்து பெருக வேண்டுமானால், அதன் சுற்றுச் சவ்வும் உட்சவ்வுகளும் இரட்டிப்பாக வேண்டும். சவ்வென்பது பெரும்பாலும் கொழுப்பமிலங்களால் ஆனது. கொழுப்பமிலம் கட்டுவதற்குரிய கல், இரண்டு கார்பன் பரமாணுக்கள் கொண்ட அசிட்டைல் என்னும் துண்டு. சாதாரணமாக அது குளுக்கோஸிலிருந்து மைட்டோகாண்ட்ரியாவின் வழியாகக் கிடைக்கிறது. ஹிஃப் அந்த வழியை அடைத்துவிடுகிறது என்பதை 2006-இல் இரண்டு ஆராய்ச்சிக் குழுக்கள் ஒரே சமயத்தில் பிரசுரம் செய்தன: குளுக்கோஸ் சிதைந்து பைருவேட்டாகிறது, அதற்குமேல் அசிட்டைலாக மாற்றும் என்ஸைமுக்குப் பூட்டுப் போடப்படுவதால், பைருவேட் லாக்டிக் அமிலமாகி வெளியேறுகிறது. பிராணவாயு இல்லாதபோது மைட்டோகாண்ட்ரியாவுக்குள் எரிபொருளைத் தள்ளினால் கேடு விளையும். ஆதலால் பூட்டுப் போட்டது நியாயந்தான். ஆனால் கல் வந்துகொண்டிருந்த வழியும் அதுவேயாயிற்றே!

அணு செய்யும் தந்திரம் வியக்கத்தக்கது. இரத்தத்தில் தனித்துலவும் அமினோ அமிலங்களில் மிகவும் மலிவாகக் கிடைப்பது குளுட்டமின். அதை உள்ளே இழுத்து, மைட்டோகாண்ட்ரியா எரிபொருளைப் படிப்படியாக எரிக்கும் சிட்ரிக் அமிலச் சக்கரத்தின் நடுவிலுள்ள ஒரு பொருளாக மாற்றி, பிறகு அந்தச் சக்கரத்தின் ஒரு பகுதியைப் பின்னோக்கிச் சுழற்றி, சிட்ரேட்டைச் செய்து, அதைப் பிளந்து அசிட்டைலை எடுத்துக்கொள்கிறது. கனத்த கார்பனான கார்பன்-13-ஐக் குளுட்டமினில் ஏற்றி அனுப்பி, அது எந்தெந்தக் கொழுப்பமிலத்தில் வந்து சேர்கிறது என்று நிறமாலைக் கருவியால் எடைபோட்டுப் பார்த்தே இதைக் கண்டார்கள். மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்திலும் டெக்ஸாஸ் மாநிலத்து டல்லாஸிலும் நடந்த இரண்டு முக்கியமான ஆராய்ச்சிகள் 2012-இல் 'நேச்சர்' இதழில் அடுத்தடுத்து வெளிவந்தன. அந்தச் சக்கரத்தை 1937-இல் கண்டவர் ஹான்ஸ் கிரெப்ஸ். அவர் இளமையில் வார்புர்க்கின் ஆராய்ச்சிக்கூடத்தில் உதவியாளராக இருந்தவர். மாணாக்கர் கண்ட சக்கரம் ஆசிரியர் ஆராய்ந்த புற்றணுவில் தலைகீழாகச் சுழல்வதை இருவரில் ஒருவரும் எதிர்பார்த்திருக்க மாட்டார்கள். குளுட்டமினும் போதாதபோது, காடியின் புளிப்புக்குக் காரணமான அசிட்டிக் அமிலத்தின் உப்பாகிய அசிட்டேட்டையும் அணு விட்டுவைப்பதில்லை. இரத்தத்தில் சிறிதளவே உள்ள அதைப் பற்றியெடுத்து அசிட்டைலாக்கும் என்ஸைம் ஒன்று, காற்றுக் குறைந்த புற்றணுக்களில் மிகுந்து காணப்படுகிறது.

ஆகக் கல் கிடைத்துவிட்டது. எட்டு அசிட்டைல் துண்டுகளைக் கோத்தால் 16 கார்பன் கொண்ட பால்மிட்டிக் அமிலம் உருவாகிறது. இந்தக் கோவைக்குச் சக்தியும் ஹைட்ரஜனும் வேண்டுமேயன்றிப் பிராணவாயுவின் ஒரு பரமாணுகூட வேண்டியதில்லை. இதை மேலும் நீட்டி 18 கார்பன் கொண்ட ஸ்டியரிக் அமிலமாக்குவதற்கும் வேண்டியதில்லை. அப்படியிருக்க, காற்றில்லாத அணுவுக்குக் கொழுப்பு விஷயத்தில் என்னதான் குறை?

மார்கழி மாதத்தில் நம் வீட்டுத் தேங்காயெண்ணெய் கட்டிப்பட்டுப் போகிறது. அதே அலமாரியில், அதே குளிரில், பக்கத்தில் இருக்கும் நல்லெண்ணெய் ஓடும் நிலையிலேயே இருக்கிறது. இதன் காரணந்தான் அந்த அணுவின் குறைக்கும் காரணம். தேங்காயெண்ணெயின் கொழுப்பமிலங்களில் பெரும்பாலானவை நேராக நீண்டவை. ஒன்றோடொன்று நெருங்கிப் படுத்து எளிதில் உறைந்துவிடும். நல்லெண்ணெயின் கொழுப்பமிலங்களில் பெரும்பாலானவற்றின் நடுவில், இரண்டு ஹைட்ரஜன் பரமாணுக்கள் குறைந்து, இரட்டைப் பிணைப்பு விழுந்து, சங்கிலி மடங்கியிருக்கிறது. மடங்கியவை நெருங்கிப் படுக்க மாட்டா. 18 கார்பன் கொண்ட ஸ்டியரிக் அமிலம் உருகச் சுமார் 69 டிகிரி சென்டிகிரேடு வெப்பம் வேண்டும். ஒரே ஓர் இரட்டைப் பிணைப்பு விழுந்து அது ஒலியிக் அமிலமாகிவிட்டால் சுமார் 13 டிகிரியிலேயே உருகிவிடுகிறது. அணுவின் சவ்வு உயிரோடு நெகிழ்ந்து இயங்க வேண்டுமானால், நேரானவற்றோடு மடங்கியவையும் தக்க விகிதத்தில் கலந்திருக்க வேண்டும்.

அந்த மடிப்பை உண்டாக்கும் என்ஸைமுக்கு ஸ்டியரைல் கோ-ஏ டிசாச்சுரேஸ் என்று பெயர். இனி அதை இளக்கும் என்ஸைம் என்றே சொல்வோம். ஹிஃபின்மேல் ஒட்டுப்போடும் என்ஸைமைப் போலவே இதுவும் இரும்பை மையமாகக் கொண்டது. அதைப் போலவே இதற்கும் பிராணவாயு இன்றியமையாதது. கொழுப்பமிலத்திலிருந்து பறித்த இரண்டு ஹைட்ரஜன் பரமாணுக்களோடு வேறிடத்திலிருந்து வரும் இரண்டையும் வாங்கிக்கொண்டு, ஒரு மூலக்கூறு பிராணவாயு இரண்டு மூலக்கூறு தண்ணீராக மாறினால்தான் ஒரு மடிப்பு விழும். பிராணவாயு என்றால் எரிப்பதற்கு உதவுவது என்ற எண்ணம் பள்ளிப் பாடத்திலிருந்தே நம் மனத்தில் ஊறியிருப்பதால், அது ஒரு பொருளை ஆக்குவதற்கும் வேண்டியது என்பது எளிதில் தோன்றுவதில்லை. மூச்சு முட்டிய அணுவின் சங்கடம் சக்தியில்லாத சங்கடம் மட்டுமன்று. அதனால் கொழுப்பைக் கட்ட முடியும், இளக்க முடியாது.

இந்த உண்மையைப் புற்றுநோய் ஆராய்ச்சியாளர்கள் கண்டுகொள்வதற்கு வெகுகாலம் முன்பே, நொதிக்க வைத்து மது வடிப்பவர்கள், காரணம் அறியாமலேனும், கைக்கொண்டிருந்தார்கள். காற்றில்லாமலே சர்க்கரையைச் சாராயமாக்குவது ஈஸ்ட். எனினும் புளிக்க வைப்பதற்கு முன்னால் மாவூறலில் சிறிது காற்றைக் கலக்காவிட்டால், ஈஸ்ட் சில தலைமுறை பெருகிய பிறகு சோர்ந்து நின்றுவிடும். 1953-இலும் 1954-இலும் ஆண்ட்ரியாசென், ஸ்டையர் என்ற இருவர் இதன் காரணத்தை விளக்கினார்கள்: முற்றிலும் காற்றை விலக்கி வளர்த்த ஈஸ்டுக்கு எர்கோஸ்டிரால் என்ற ஸ்டிராலையும், ஒலியிக் அமிலத்தையும் வெளியிலிருந்து ஊட்டினால் அது தடையின்றி வளர்ந்தது. காற்று தேவைப்பட்டது இந்த இரண்டையும் செய்துகொள்வதற்கே. அவை கைக்கு வந்துவிட்டால் காற்று வேண்டியதில்லை. நம் உடலிலுள்ள கொலஸ்ட்ராலும் இதே இனத்தது: ஸ்குவாலீன் என்ற கட்டம் வரையில் அதை ஆக்கப் பிராணவாயு வேண்டாம், அதற்குமேல் ஒரு மூலக்கூறு கொலஸ்ட்ரால் முற்றுப்பெற 11 மூலக்கூறு பிராணவாயு செலவாகிறது. கொலஸ்ட்ராலின் பிறப்பை ஆராய்ந்து 1964-இல் நோபல் பரிசு பெற்ற கான்ராட் பிளாக், பூமியின் காற்றில் பிராணவாயு சேர்ந்த பிறகே உயிர்கள் இந்த வகைப் பொருள்களைச் செய்யக் கற்றிருக்க வேண்டும் என்று கருதியது இதனால்தான்.

காற்றில்லாத ஈஸ்டு செய்ததையே மூச்சு முட்டிய புற்றணுவும் செய்கிறது. தன்னால் ஆக்க முடியாததை வெளியிலிருந்து வாங்குகிறது. அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக் கழகத்தைச் சேர்ந்த காம்ஃபோர்ஸ்ட், ராபினோவிட்ஸ் முதலியோர் 2013-இல், காற்றுக் குறைந்த அணுக்களில் புதிதாகச் செய்யப்படும் ஒலியிக் அமிலம் குறைந்து, வெளியிலிருந்து பெறும் அளவு கூடுவதைக் கார்பன்-13 கொண்டு காட்டினார்கள். இரத்த நீரில் மிதக்கும் லைசோஃபாஸ்ஃபோலிப்பிடு என்னும் ஒற்றைவால் கொழுப்புகளைப் பிடித்து, அவற்றிலுள்ள மடங்கிய அமிலங்களை அணு கழற்றிக்கொள்கிறது. இவ்வாறு கழற்றிக்கொள்ள இயலாதபடி வெளிச்சரக்கை நிறுத்திவிட்டால், நேரான கொழுப்பமிலங்கள் சவ்வுகளில் மிகுந்து, புரதங்களைப் பக்குவப்படுத்தும் உட்சவ்வு வலைகள் விறைத்து, அங்கிருந்து எழும் அபாய அறிவிப்புகள் முற்றி, அணு மடிகிறது. பென்ஸில்வேனியா பல்கலைக் கழகத்தில் செலஸ்ட் சைமனின் குழுவினர் இதையும் 2013-இல் தெளிவாக்கினார்கள்.

கொழுப்புத் துளிகளுக்கு வேறோர் அர்த்தமும் உண்டு என்பது இங்கேதான் விளங்குகிறது. அவற்றைப் பஞ்சகாலத்துக்கு ஒதுக்கி வைத்த எரிபொருள் என்று மட்டும் கருதுவது போதாது. அதே பென்ஸில்வேனியக் குழு 2018-இல் வெளியிட்ட ஆராய்ச்சியின்படி, காற்று இருந்த காலத்தில் சேர்த்து வைத்த மடங்கிய அமிலங்களைத் துளிகள் காற்றில்லாத காலத்தில் சவ்வுகளுக்குக் கொடுக்கின்றன. சவ்வுகளில் மிகுந்துபோன நேரான அமிலங்களைத் தமக்குள் வாங்கி அடைத்துக்கொள்கின்றன. நஞ்சாகக்கூடியதை உள்ளே பூட்டி, மருந்தாகக்கூடியதை வெளியே விடும் இந்தப் பண்டமாற்றினால் சவ்வின் விகிதம் கெடாமல் நிற்கிறது. துளிகளுக்கு இன்னொரு வேலையும் வருகிறது. புற்றுக்கட்டியின் இரத்தக் குழாய்கள் ஒழுங்கற்றவை; ஒரு நாழிகை அடைபட்டுக் கிடந்த குழாயில் மறு நாழிகை இரத்தம் பாய்கிறது. திடீரென்று பிராணவாயு திரும்பி வரும்போது, உயிரணுவைச் சிதைக்கும் தீவிரமான பிராணவாயு விஷங்கள் எழுகின்றன. அந்தச் சமயத்தில், சேமித்த கொழுப்பை எரித்துச் சக்தியும் பாதுகாப்பும் பெற்ற அணுக்களே பிழைத்தன என்று ஆக்ஸ்போர்டில் 2014-இல் செய்த பரிசோதனைகள் தெரிவிக்கின்றன.

மருத்துவத்துக்கு இதனால் என்ன லாபம் என்று கேட்பது இயல்பு. ஒரு லாபம் கைக்கு வந்துவிட்டது: சிறுநீரகத் தெளிவணுப் புற்றில் மேலோங்கி நிற்கும் இரண்டாவது வகை ஹிஃபை நேராகத் தாக்கும் பெல்ஸூடிஃபான் என்ற மாத்திரையை அமெரிக்க அரசின் மருந்துத் துறை, வி.எச்.எல். பரம்பரை நோயாளிகளுக்கு 2021-இலும், முற்றிய சிறுநீரகப் புற்றுக்கு 2023-இலும் அனுமதித்தது. ஆனால் அது கட்டளையைத் தடுக்கும் மருந்து. மெய்யாகவே காற்றில்லாத அணுவிடம் அதே வெற்றியை எதிர்பார்ப்பதற்கில்லை. இளக்கும் என்ஸைமைத் தடுக்கும் மருந்துகளைப் பல ஆராய்ச்சிக்கூடங்கள் செய்து பார்த்திருக்கின்றன. அங்கே ஒரு விசித்திரம் குறுக்கிட்டது. காற்று குறைந்த அணு ஏற்கெனவே அந்த என்ஸைமை நம்பாமல் வெளிச்சரக்கில் வாழப் பழகிவிட்டதால், மருந்து அதை அதிகம் தொடுவதில்லை என்று மேற்சொன்ன பிரின்ஸ்டன் ஆராய்ச்சியே காட்டியது. உள்ளே செய்வதையும் வெளியிலிருந்து வாங்குவதையும் ஒருங்கே அடைத்தாலன்றிப் பயன் முழுமையாகாது. அவ்வாறு அடைக்கும்போது ஆரோக்கியமான அணுக்கள் தப்புவதெப்படி என்பது அடுத்த சிக்கல். இளக்கும் என்ஸைமின் மரபணு பிறவியிலேயே கெட்ட எலிகளுக்குத் தோலின் எண்ணெய்ச் சுரப்பிகள் சுருங்கி, மயிர் உதிர்ந்து, இமைகள் ஒட்டிப்போகின்றன. தோலுக்கும் கண்ணுக்கும் வேண்டிய நெய்ப்பும் இதே என்ஸைமின் கைவேலையே.

இவ்வளவையும் கேட்டவர்கள், அப்படியானால் எண்ணெயையும் நெய்யையும் நிறுத்திவிட்டால் போதாதா என்று கேட்கக்கூடும். கணையப் புற்று வைத்த எலிகளுக்கு வெவ்வேறு உணவு கொடுத்து மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தார் 2021-இல் ஓர் ஆராய்ச்சி வெளியிட்டார்கள். மாவுப் பொருளை அறவே குறைத்துக் கொழுப்பை மிகுத்த கீட்டோஜெனிக் உணவும், மொத்த ஆகாரத்தையே குறைத்த உணவும் இரத்தத்தில் சர்க்கரையைத் தாழ்த்தின. ஆயினும் கட்டியின் வளர்ச்சியைத் தடுத்தது பின்னது மட்டுமே. சர்க்கரை குறைந்ததே காரணமென்றால் இரண்டும் ஒரே பலனைத் தந்திருக்க வேண்டும். ஆகாரம் குறைந்தபோது கட்டியைச் சுற்றியுள்ள திரவத்தில் கொழுப்பும் குறைந்து, கட்டிக்குள்ளே இளக்கும் என்ஸைமின் வேலையும் மந்தப்பட்டதால், நேரான அமிலங்களுக்கும் மடங்கியவற்றுக்கும் உள்ள விகிதம் குலைந்தது என்று அவர்கள் கண்டார்கள். ஆகாரம் குறைந்த அந்த உணவிலேயே கொழுப்பின் பங்கை மட்டும் உயர்த்திக் கொடுத்தபோது, கட்டி மறுபடியும் வேகமாக வளர்ந்தது. எலியில் கண்டதை மனிதருக்கு உணவு முறையாக எழுதிக் கொடுக்க இது போதாது. அதிலும் நோயினாலேயே உடல் இளைத்துக்கொண்டிருக்கும் ஒருவரைப் பட்டினி போடுவது எந்த மருத்துவரும் எளிதில் துணியாத காரியம்.